தூணின் நீளம் எது?

வீடு கட்டும் விஷயத்தில் நம்மவரிடையே நிலைபெற்றுவிட்ட அபிப்பிராயங்களுள் மிகச் சாதுவாகத் தோன்றுவது, ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடைப்பட்ட உயரந்தான் கான்கிரீட் தூணின் நீளம் என்பதாகும். கம்பியும் சிமெண்டும் எவ்வளவு வேண்டுமென்று கணக்கிடும் மேஸ்திரிக்கு அந்த அளவு போதும். தூண் பக்கவாட்டில் நெளியுமா என்று கணிக்க வேண்டிய பொறியாளருக்குப் போதாது. ஒல்லியான தூண் நெளிந்து ஒடியும் சுமை அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது என்னும் உண்மை, ஆய்லர் என்ற கணித மேதை 1744இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து நமக்குக் கிடைத்தது; ஆகவே எத்தனை தூரம் பிடிப்பின்றி நிற்கிறது என்பதே இங்கே கேள்வி. தளத்தின் மேற்பரப்பிலிருந்து, மேலே தூணோடு வந்து சேரும் உத்தரத்தின் அடிப்பரப்பு வரையுள்ள இடைவெளியையே கொள்ள வேண்டுமென்றும், ஒரே திசையில் சேரும் உத்தரங்களின் ஆழம் வேறுபட்டால் ஆழம் குறைந்ததையே பார்க்க வேண்டுமென்றும் கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலாகிய ஐ.எஸ். 456 விதிக்கிறது.

ஒரு தூணுக்கு ஒரே நீளம் என்பது இதனினும் பிடிவாதமான பிரமை. 3300 மி.மீ. உயரமுள்ள மாடியில் 230க்கு 450 அளவுள்ள தூண் ஒன்று நிற்கிறது. அதன் அகன்ற பக்கத்தின் போக்கில் 600 மி.மீ. ஆழமுள்ள உத்தரமும், குறுகிய பக்கத்தின் போக்கில் 300 மி.மீ. உத்தரமும் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் திசையில் நீளம் 2700, மற்றதில் 3000. பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் சுவர்கள் இல்லாத சட்டகமாயின், முனைகளின் நிலைக்கேற்ற குணகம் 1.2 என்று கொண்டு பெருக்கிப் பக்க அளவால் வகுத்தால், முதல் திசையில் விகிதம் 7.2, மற்றதில் ஏறக்குறைய 15.7. விகிதம் 12க்குக் குறைந்தால்தான் குட்டைத்தூண் என்பது விதி. ஆகவே ஒரே தூண் ஒரு திசையில் குட்டை, மறுதிசையில் நெட்டை! நெட்டையென்று தெரிந்தபின் நெளிவினால் விளையும் கூடுதல் வளைவுத் திருப்புத்திறனுக்கும் கம்பி தந்தாக வேண்டும்.

இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பும் முன்முகப்புத் தூண்களில் இவ்விபரீதம் முற்றுகிறது. நடுவில் ஒரு திசையில் மட்டும் உத்தரம் ஓடினால், அந்தத் திசையில் நீளம் பாதியாகும். குறுக்குத் திசையிலோ அந்த உத்தரம் இருந்தும் இல்லாததே. இடையில் பிணைக்கும் உறுப்புகள் இரு திசைகளிலும் பிடிப்பாகக் கருதப்பட வேண்டுமானால், இரண்டு உறுப்புகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில், தமக்கிடையே உள்ள கோணம் செங்கோணத்திலிருந்து 30 பாகைக்கு மேல் விலகாமல் வந்து சேர வேண்டும்.

மண்ணுக்குள் மறைந்த பகுதியை மண்ணே பிடித்துக்கொள்ளும் என்று சொல்பவரும் உண்டு. நிரப்பிய மண்ணை அவ்வளவு நம்புவது தாராள மனத்தின் அடையாளமாக இருக்கலாம், கணக்கின் அடையாளமன்று. தரைமட்டத்தருகே தூண்களைப் பிணைக்கும் உத்தரமான பிளிந்த் பீம் இல்லாத வீட்டில், அஸ்திவாரத்தின் மேல்மட்டத்திலிருந்தே அளக்க வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், நீளம் குறைந்தால் க்ஷேமம் என்று முடிவு கட்டுவதும் தவறு. செங்கற்சுவரைப் பிடிப்பாகப் பொறியாளர் கொள்வதில்லை, நாளை எவரும் இடித்துவிடலாமென்பதால். பூமியதிர்ச்சியோ அந்த நியாயத்தைப் பார்ப்பதில்லை. ஜன்னலின் அடிமட்டம் வரை எழுப்பிய சுவர் தூணின் கீழ்ப்பாதியை இறுக்கிவிட்டால், அசையக்கூடிய நீளம் பாதியாகி விறைப்பு எட்டு மடங்காகப் பெருகுகிறது. அதற்கேற்ப விசையையும் அந்தச் சிறு துண்டே இழுத்துக்கொண்டு குறுக்கே வெடிக்கிறது. அத்தகைய தூணுக்கு 100 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் வளையக் கம்பிகளை முழு உயரத்துக்கும் நெருக்கிக் கட்ட வேண்டும். அல்லது சுவருக்கும் தூணுக்கும் நடுவே போதிய சந்து விட வேண்டும்.