குறுந்தோட்டிக்கும் வாதமா?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவைச் சேர்ந்த பகுதி ஆரியசாலை. நவராத்திரிப் பவனியில் குமாரகோயிலிலிருந்து வரும் வேளிமலை முருகன் தங்குவது இங்குள்ள தேவி ஆலயத்தில்தான். இவ்வட்டாரத்து மருந்துச் சரக்குக் கடைகளில் என்றும் தேடப்படும் வேர் ஒன்று உண்டு; அது குறுந்தோட்டி. வடமொழியில் இதன் பெயர் ‘பலா’. வலிமை என்பது பொருள். ‘குறுந்தோட்டிக்கும் வாதமா?’ என்று மலையாளத்தில் ஒரு பழமொழியே வழங்குகிறது. வாதத்தைத் தீர்க்கும் மூலிகையையே வாதம் பற்றினால் என் செய்வது என்பது அதன் கருத்து.

கை, கால் தசைகள் திடீரென முறுக்கி இழுப்பதைத் தமிழில் குரக்குவலி என்பர். ஆயுர்வேதம் இதைக் ‘கல்லி’ என வாத நோய்களுள் ஒன்றாக வைக்கிறது. வாதத்தைத் தணிப்பவை எண்ணெயும் வெம்மையும். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் கூறும் தன்வந்தரத் தைலத்தில் குறுந்தோட்டி வேர்க் கஷாயம் 6 பங்கு, பால் 6 பங்கு. வாற்கோதுமை, இலந்தை, கொள்ளு, தசமூலம் ஆகியவற்றின் கஷாயம் 1 பங்கு. நல்லெண்ணெய் 1 பங்கு. இவற்றுடன் வேறு பல சரக்குகளும் சேரும்.

கெண்டைக்கால் இழுக்கும்போது முதலில் முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை மெல்லத் தன்னை நோக்கி வளைக்க வேண்டும். இழுப்பு தளர்ந்தபின் வெதுவெதுப்பான தைலத்தைத் தடவி நீவலாம். நொச்சி இலையிட்டுக் காய்ச்சிய நீரால் ஒத்தடம் கொடுப்பதும் மரபு. இவை ஆறுதல் தருவன. ஆயினும் காரணத்தை நீக்கிவிடும் என்று கொள்ளலாகாது. மிகுந்த உழைப்பு, வியர்வையால் நீரிழப்பு, கருவுற்ற காலம், சிறுநீரக நோய், சில மருந்துகள் எனக் காரணங்கள் பல.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்திருந்தால் நீவவே கூடாது. இரத்தம் உறைந்திருக்கக்கூடும், உடனே மருத்துவரை நாட வேண்டும். மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் குவினைன் நெடுங்காலம் கால் இழுப்புக்குத் தரப்பட்டது. அது குருதித் தட்டணுக்களைக் குறைத்து உயிருக்கே ஊறு செய்யலாம் என 2006-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எனவே உள்ளுக்கு உண்ணும் எதையும் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.

உடல் சாதனைக்கு வாய்த்த கருவி. அதை வெறுத்து ஒதுக்குவதும் தவறு. எந்நேரமும் அதையே எண்ணிக் கலங்குவதும் தவறு. நள்ளிரவில் வலியால் விழித்தெழும் முதியவரின் பாதத்தைப் பற்றி, பொறுமையுடன் நீவிவிடும் கை இறைவனுக்கே தொண்டு செய்கிறது.