பழைய கியர் பாக்ஸ் வாங்குமுன்...

சரக்கு வேனில் கியர் பாக்ஸ் போய்விட்டால் வியாபாரமே நின்றுவிடும். அவசரத்தில் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழையது வாங்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பெட்டியிலுள்ள எண்ணை உங்கள் பழைய பெட்டியோடு ஒப்பிடுங்கள். ஒரே மாடலிலும் பல் விகிதம் மாறலாம்.

2. ஆயிலை வடித்துப் பாருங்கள். சிறிது பித்தளைத் தூள் தேய்மானம்தான். இரும்புத் துணுக்கு இருந்தால் வேண்டவே வேண்டாம்.

3. ஒவ்வொரு கியராகப் போட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். சிக்கினாலும் கரகரத்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

4. மாட்டும்போதே கிளட்ச் பிளேட்டையும் ஆயில் சீலையும் புதிதாகப் போடுங்கள். இல்லாவிட்டால் இறக்கி ஏற்றும் கூலி இரண்டு முறை ஆகும்.

5. பெட்டி எண், மாற்றித் தரும் கெடு இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் இல்லாத சாமான் திருட்டு வழக்கில் சிக்கவைக்கலாம்.

துவரம் பருப்பையே அள்ளிப் பார்த்து வாங்குபவர்கள் நாம். இதையும் பார்த்தே வாங்குவோம்!