கியாந்தி இரசமும் ஒரு பிரபுவின் கடிதமும்

இத்தாலியில் புளோரன்ஸ், சியெனா என்னும் இரு நகரங்களுக்கும் இடையே உள்ள குன்றுப் பிரதேசத்தின் பெயர் கியாந்தி. அங்கே வடிக்கப்படும் சிவப்பு முந்திரிகை இரசத்துக்கும் அதுவே பெயர். ஓர் இடத்தின் பெயரைப் போத்தலில் ஒட்டும் உரிமை யாருக்கு உண்டு? அங்கே இது முந்நூறு ஆண்டுப் பழைய கேள்வி. 1716இல் தொஸ்கானாவை ஆண்ட மூன்றாம் கொசிமோ, கியாந்தி உட்பட நான்கு இடங்களுக்கு எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தார்.

எல்லை சரி, எந்தப் பழத்தைப் பிழிவது? இதற்கு விடை தேடியவர் பெத்தினோ ரிக்காசொலி பிரபு. இருமுறை இத்தாலியின் பிரதமராயிருந்தவர். தம் தோட்டத்திலே பல்லாண்டு பரிசோதனை செய்தவர். 1872இல் பீசா நகரப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தமது முடிபைக் கூறினார். மணமும் உரமும் தருவது சன்ஜொவேசே என்னும் கறுத்தப் பழம். அதன் கடுமையைத் தணிப்பது கனயோலோ. மல்வசியா என்னும் வெள்ளைப் பழம் இரசத்தை இலேசாக்கி, அன்றாடம் அருந்த ஏற்றதாக்கும். ஆனால் நெடுநாள் வைத்துப் பக்குவப்படுத்தும் இரசத்தில் அதைச் சேர்க்காமலே விடலாம்.

இந்தக் கடைசிக் கூற்றைப் பின்வந்தோர் வசதியாக மறந்துவிட்டனர். 1932இல் கியாந்தி என்ற பெயர் சுற்றுவட்டாரங்களுக்கும் நீட்டப்பட்டது. அதனால் பழைய குன்றுகளின் இரசம் 'கியாந்தி கிளாசிக்கோ' எனத் தன்னைப் பிரித்துக் காட்ட நேர்ந்தது. (அதன் கருஞ்சேவல் முத்திரை, 1924இல் 33 உற்பத்தியாளர் கூடி அமைத்த சங்கத்தினுடையது.) 1967இல் வந்த பெயர்ப் பாதுகாப்பு விதியோ, நூற்றுக்கு 10 முதல் 30 வரை வெள்ளைப் பழம் கட்டாயம் என்றது. மல்வசியா மட்டுமல்ல, ஏராளமாய்க் காய்த்துச் சுவையில் மெலிந்த திரெபியானோவும் இதில் அடங்கும். பாலுக்குத் தண்ணீர் விடச் சட்டமே சொன்னது போலாயிற்று! புல் சுற்றிய குண்டுப் போத்தல்களில் மலிவாய்ப் போன இரசத்தால் கியாந்தியின் மதிப்பும் சரிந்தது.

நல்ல இரசம் செய்ய விரும்பியவனுக்கு இரண்டே வழி: விதிக்கு அடங்குவது, அல்லது பெயரைத் துறப்பது. அந்தினோரி குடும்பத்தார் பெயரைத் துறந்தனர். தங்கள் திஞ்ஞானெல்லோ தோட்டத்து இரசத்தை 1971 அறுவடை முதல் வெறும் 'மேசை இரசம்' என்றே விற்றனர். 1975இல் வெள்ளைப் பழத்தை அறவே நீக்கினர். சட்டத்தின் கணக்கில் கடைசித் தரம். வாங்குவோர் கொடுத்ததோ கியாந்தியிலும் கூடிய விலை.

விதி மெல்ல இறங்கிவந்தது. 1984இல் கட்டாய அளவு வெகுவாய்க் குறைந்தது. 2006 முதல் கிளாசிக்கோவில் வெள்ளைப் பழத்துக்கு இடமே இல்லை. சன்ஜொவேசே நூற்றுக்கு 80க்குக் குறையலாகாது. திஞ்ஞானெல்லோ மட்டும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை.