மூளைக்கு ஏறும் புழுவும் அமீபாவும்: வீட்டிலேயே தடுக்க 9 குறிப்புகள்

பன்றிக்கறியைத் தொடாத வீட்டிலும் மூளையில் நாடாப்புழுக் கட்டி வரலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்த வட்டாரத்தில் ஆராய்ந்தபோது, வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலோ அமீபா மூளைக்காய்ச்சல் உயிர்களைப் பறித்து வருகிறது. தேனி மாவட்டத்தில் பழனிசெட்டிபட்டி முதல் கூடலூர் வரை எல்லா வீடுகளுக்கும் உதவும் குறிப்புகள் இவை.

1. நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அவை கை வழியாக வாய்க்குப் போனால் மூளையில் கட்டியாகும். கழிப்பறை போய் வந்ததும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

2. பச்சையாகத் தின்னும் கேரட், வெள்ளரி, கொத்தமல்லியை ஓடும் நீரில் தேய்த்து அலசுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மட்டும் முட்டைகள் சாகாது.

3. பன்றிக்கறியில் வெண்கொப்புளங்கள் தெரிந்தால் வாங்காதீர்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் மாறும்வரை வேகவையுங்கள். வேகாத கறியால் குடலில் புழு வளரும். அதன் முட்டைகள் வீட்டார் எல்லோருக்கும் ஆபத்து.

4. மலத்தில் தட்டையான வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5. ஆற்றோரத்திலும் தோப்பிலும் மலம் கழிக்காதீர்கள். பன்றிகளை அடைத்து வளர்க்கச் சொல்லுங்கள்.

6. வயல் நத்தையை நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். அதிலுள்ள ஒருவகைப் புழுவும் மூளையைத் தாக்கும்.

7. அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறும்; குடிப்பதால் வராது. வெயில் காலத்தில் தேங்கிச் சூடேறிய குட்டை, கிணறு, கல்குவாரித் தண்ணீரில் பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள். முல்லைப் பெரியாற்றில் நீரோட்டம் நின்று தேங்கிய இடங்களுக்கும் இது பொருந்தும். அடிச்சேற்றைக் கலக்கக் கூடாது. மூக்கைக் கழுவக் கொதித்து ஆறிய நீரே நல்லது.

8. குளித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எந்தத் தண்ணீரில் குளித்தார் என்பதையும் சொல்லுங்கள். 2024-இல் கோழிக்கோட்டில் 14 வயதுச் சிறுவன் பிழைத்ததற்குச் சீக்கிரமே தொடங்கிய சிகிச்சை முக்கியக் காரணம்.

9. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்பைக் கொடுக்கவோ வாயில் எதையும் திணிக்கவோ வேண்டாம். ஸ்கேன் பார்க்காமல் பூச்சி மாத்திரை கொடுத்தால் மூளை வீங்கலாம். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள்.