தனி வீடா, அப்பா வீடா?

வேலை கிடைத்ததும் தனி வீடு பார்க்கத் துடிப்பவர்கள் வாடகையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். கையைக் கடிப்பது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாதம்தான் என்கிறது. அந்த 'இல்லாவிட்டால்'தான் வில்லங்கம். கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குவது நல்லது.

சாவி வாங்கிய அன்றே கரன்ட் மீட்டரை போட்டோ எடுத்துவிடலாம். முகவரிச் சான்று இல்லாதவருக்கு 5 கிலோ சிலிண்டர் கைகொடுக்கும். அடையாள அட்டை போதும்.

அம்மா சமையலை விட மனமில்லையா? பெற்றோர் பெயரில் உள்ள வீட்டிலேயே இருந்துகொண்டு, அவர்களுக்கு மாதாமாதம் வங்கி வழியாக வாடகை கொடுக்கலாம். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி இருந்து, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இதில் வரிச் சலுகை உண்டு. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அப்பாவின் பான் எண் தேவை. அந்தப் பணத்தை அவர் தம் வருமானத்தில் காட்டவும் வேண்டும். “பெத்த பிள்ளைக்கு ரசீதா?” என்று முறைப்பார். முறைத்தாலும் வாங்கி வைக்க வேண்டும்.