போட்டோக் கடை

இன்று பலர் கையில் கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. அப்படியானால் போட்டோக் கடைக்கு யார் வருவார்கள்? விண்ணப்பத்தில் ஒட்டப் படம் வேண்டுபவர் வருவார். கல்யாண வீட்டார் வருவார்கள். இறந்துபோன தந்தையின் கிழிந்த படத்தைச் சரிசெய்து, பெரிதாக்கிச் சட்டம் போடக் கேட்பவரும் வருவார்.

முதலில் சோறு போடுவது பாஸ்போர்ட் அளவுப் படம்தான். அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45 மில்லிமீட்டர். 4 அங்குலத்துக்கு 6 அங்குலம் உள்ள ஒரே தாளில் 8 படம் அச்சிடலாம். பின்னால் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். முகத்தில் நிழல் விழக் கூடாது.

கேமரா வாங்க வட்டிக்கடைக்கு ஓட வேண்டாம். 2015-இல் முத்ரா கடன் திட்டம் வந்தது. அதில் 'சிசு' பிரிவில், அடமானம் இல்லாமல் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம்.

கல்யாண வேலையில்தான் தகராறு வரும். எத்தனை படம், என்ன விலை, முன்பணம் எவ்வளவு, ஆல்பம் தரும் நாள் எது என்று தாளில் எழுத வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாலை மாற்றும் படம் தவறினால் மறுபடி எடுக்க முடியாது. ஆகவே கூடுதல் பேட்டரி கட்டாயம். அன்று இரவே படங்களை இரண்டு இடத்தில் பதிந்து வைக்க வேண்டும்.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் கடையின் பெயரும் போன் எண்ணும் இருக்கட்டும். ஆல்பம் பார்க்க வரும் உறவினர் அதைக் குறித்துக்கொண்டு போவார்கள்.