நெடுந்தூர ஓட்டமும் காட்டுயிர்க் காட்சியும்



ஓடுவோர் இருவகையினர். ஒன்றைப் பிடிக்க ஓடுவோர் ஒருவகை. பலவற்றைக் காண ஓடுவோர் மற்றொரு வகை. டோம்பிவிலியில் வாழும் நாம் முதல் வகையை நன்கறிவோம். காலை வண்டியைப் பிடிக்கப் படிக்கட்டில் ஓடுகிறோம். அவ்வோட்டத்தில் முன்செல்பவர் முதுகன்றி வேறொன்றும் நம் கண்ணிற்படுவதில்லை. இரண்டாம் வகை ஓட்டம் பற்றியதே இப்பாடம்.

1. மனிதன் ஏன் ஓடினான்?

குறுந்தூரத்தில் மனிதன் மானுக்கும் நாய்க்கும் தோற்பான். நெடுந்தூரத்திலோ அவனுக்கொரு வலிமை உண்டு. உடல் முழுவதும் வியர்வை சுரந்து அவன் வெப்பத்தைப் போக்குகிறான். மயிரடர்ந்த விலங்கு மூச்சிரைத்தே வெப்பம் தணிக்க வேண்டும். பாய்ந்தோடும்போது அதற்கு அது நன்கு இயல்வதில்லை. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பகுதியில் வாழும் சான் மக்கள், நண்பகல் வெயிலில் மானைப் பல மணி நேரம் துரத்தி, அது வெப்பம் தாங்காது நின்றபின் கொல்லும் வழக்கம் பதிவாகியுள்ளது. நெடுந்தூரம் ஓடும் ஆற்றலுக்கு மனித உடலின் அமைப்பை உருவாக்கியதிற் பங்குண்டு என்று பிராம்பிள், லீபர்மன் என்னும் அறிஞர் இருவர் 2004ஆம் ஆண்டில் எழுதினர்.

ஆதலின் நம் கால்கள் வேட்டையிற் பழகிய கால்களாயிருத்தல் கூடும். அவ்வாறாயின், துரத்தப் பழகிய கால்களைக் கொல்லாமையின் பொருட்டுப் பயன்படுத்த இயலுமா?

2. நின்றவர் யார்?

மஜ்ஜிம நிகாயத்திலுள்ள அங்குலிமால சுத்தம் இதற்கு விடை தருகிறது. விரைந்தோடும் யானையையும் குதிரையையும் மானையும் துரத்திப் பிடிக்க வல்லவன் அங்குலிமாலன். இயல்பாக நடந்து சென்ற புத்த பகவானை அவனால் எட்ட இயலவில்லை. நிற்குமாறு கூவினான். தாம் நின்றுவிட்டதாகவும், நிற்காதவன் அவனே என்றும் பகவான் உரைத்தார். எவ்வுயிர்க்கும் ஓங்கிய தண்டத்தைக் கீழே வைத்தவரே நின்றவர் என்பது பொருள். கால் ஓடலாம்; தண்டம் கீழே கிடத்தல் வேண்டும்.

அசோக மன்னர் இதனை ஆட்சியிற் செய்து காட்டினார். நமக்கு அண்மையிலுள்ள சோபாராவில் 1882ஆம் ஆண்டு அவருடைய எட்டாம் பாறைக் கட்டளையின் துண்டொன்று கிடைத்தது. முன்னாள் மன்னர் வேட்டை முதலிய இன்பங்களுக்காகப் பயணஞ் சென்றனர் என்றும், தாம் முடிசூடிப் பத்தாண்டுகளானபின் சம்போதிக்குச் சென்றதாகவும், அதுமுதல் தம்ம யாத்திரை தொடங்கியதாகவும் அக்கட்டளை கூறுகிறது. அசோகர் பயணத்தைக் கைவிடவில்லை, வேட்டையையே கைவிட்டார். ஓடுவோர்க்கும் இதுவே நெறி.

3. எங்கே ஓடுவது, எதைக் காண்பது?

வண்டியிற் செல்வோன் ஓசையால் உயிர்களை விரட்டுகிறான். நடப்போன் பெரும்பாலும் ஒரு குளத்தையோ ஒரு தோப்பையோ காண்கிறான். மெல்ல ஓடுவோன் ஒரே காலையில் கழிமுகம், வயல், குன்று ஆகிய மூன்றையும் கண்டு திரும்பலாம். நம் ஊரின் ஒருபுறம் உல்லாஸ் ஆற்றுக் கழி. மறுபுறம் உம்பர்லிக் குன்று. அப்பால் மலங்கட் மலை. கழியோரத்தில் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும், மின்கம்பிகளில் கரிச்சானும், மழைக்காலத்தில் கூடு பின்னும் தூக்கணாங்குருவியும் காணக் கிடைக்கும்.

தாணே கழிமுகத்திற்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் பெருந்திரளாக வருகின்றன. அவை உண்ணும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருளே அவற்றின் செந்நிறத்திற்குக் காரணம். அவ்விடம் 2015இல் பறவைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிற் சேர்ந்தது. போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலோ, புள்ளிமானும் சிறுத்தையும் உலவும் காட்டின் நடுவே, பிக்குகள் வாழ்ந்த கன்ஹேரிக் குகைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில், மண்ணரித்த மேட்டில் மக்கள் நட்டு வளர்த்த காட்டினூடே 2008 முதல் மாரத்தான் ஓட்டம் நடத்தப்பட்டு வந்துள்ளது. முந்துவதைவிட ஓடும் மகிழ்ச்சியே அங்குப் பெரிதெனக் கொள்வர்.

4. ஓடுவோர் காக்க வேண்டியவை

முதலாவது, பேசிக்கொண்டே ஓடத்தக்க வேகமே போதும். மூச்சுத் திணறுவோன் காதிற் குயிலோசை விழாது. காதிற் கருவி மாட்டி ஓடுவோனுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். அம்முட்டை கூழாங்கல்லைப் போன்றே தோன்றும். அது தலைக்குமேற் சுற்றிக் கதறினால், அதன் குஞ்சோ முட்டையோ நம் காலடிக்கு அருகில் உள்ளதென்று அறிக. வந்த வழியே திரும்புக. ஐந்து கிலோமீட்டர் ஓடுவதாக எண்ணியிருந்தோம், மூன்றோடு திரும்பினோம் என்றால் அதனால் நமக்கு வந்த குறை யாதுமில்லை. முன்சென்றிருந்தால் ஒரு தாய்க்குப் பெருங்கேடு விளைந்திருக்கும்.

மூன்றாவது, சிறுத்தை வாழும் இடத்தில் இருளிலோ தனியாகவோ ஓடலாகாது. பூங்காவில் அனுமதித்த நேரத்தில், அனுமதித்த பாதையிலேயே செல்க. எதிர்ப்பட்டால் முதுகு காட்டி ஓடுதல் கூடாது. அது துரத்தத் தூண்டும். நின்று, அதனைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குக.

நான்காவது, எவ்வுயிர்க்கும் தின்பண்டம் எறியலாகாது. குரங்குக்கு எறிந்த பொட்டலம் நாளை அதனை மனிதரோடு சண்டைக்கு இழுத்துவரும்.

ஆலையில் எட்டு மணி நேரம் நின்றே பழகிய நம் போன்றோர் கால்கள் ஒரே நாளில் நெடுந்தூரம் ஓடிவிடா. முதல் மாதம் நடையும் ஓட்டமும் கலந்து செல்க. முதியோர் நடந்தாலே போதும். வரும் பௌர்ணமியன்று விடியலில் பிள்ளைகளையும் அழைத்துப் புறப்படுங்கள். கண்ட உயிர்களின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். கடந்த தொலைவை அதன்பின் எழுதிக்கொள்ளலாம்.